குடித்தொகையும் குடிப்பெயர்வும்

நிலமும் நீரும் மலையும் கடலும் புவியியலின் பாற்பட்டவை என்பதை யாவரும் அறிவர். அவற்றைச் சார்ந்து வாழும் மனிதனும் அவ்வியலின் பாற்பட்டவனே. அவன் எங்கே செறிந்து வாழ்கின்றான், எங்கே அருகி வாழ்கின்றான், எதன்பொருட்டு ஓரிடம் விட்டு மற்றோரிடம் பெயர்கின்றான் என்பவற்றை ஆராய்வது மானிடப் புவியியலாகும். அதன் அடிப்படைக் கருத்துக்கள் சிலவற்றை, நம் ஈழநாட்டுக் கணக்குகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஈண்டு மாணவர்க்கு எடுத்துரைப்பாம். பழைய மாணவர்க்கும் இஃது அயலான பொருளன்று. இம்மலரைக் கடல்கடந்த நாடுகளிலிருந்து படிப்போர் இப்பாடத்துக்குத் தாமே எடுத்துக்காட்டாக விளங்குகின்றனர்.

1. குடிசனக் கணிப்பு

ஒரு குறித்த நாளில் ஒரு நாட்டில் வாழும் மக்களின் மொத்தத் தொகையே குடித்தொகை எனப்படும். இலங்கையில் முதலாவது குடிசனக் கணிப்பு 1871 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அப்போது இருந்தவர் ஏறத்தாழ 24 இலட்சம் பேர். 1946 இல் அத்தொகை 66 இலட்சமாகவும், 1981 இல் 148 இலட்சமாகவும், 2012 இல் 203 இலட்சமாகவும், 2024 இல் 217 இலட்சமாகவும் உயர்ந்தது. இவ்வெண்களை வெறுமனே மனனஞ் செய்தலாற் பயனில்லை. 1946 முதல் 1981 வரையான முப்பத்தைந்து ஆண்டுகளில் தொகை இருமடங்கிற்கு மேலாகியது ஏன், அதன்பின் வளர்ச்சி மெலிந்தது ஏன் என வினவுதலே கல்வியாகும்.

2. அடர்த்தி

குடித்தொகையை நிலப்பரப்பினால் வகுக்க வருவது அடர்த்தி. 2012 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி ஒரு சதுர கிலோமீற்றரில் கொழும்பு மாவட்டத்தில் 3,400 பேருக்கு மேலும், முல்லைத்தீவு மாவட்டத்தில் 40 பேருக்குக் குறைவாகவும் வாழ்ந்தனர். மொத்த நிலத்தால் வகுப்பது ஒரு முறை. பயிரிடத்தக்க நிலத்தால் மாத்திரம் வகுப்பது மற்றொரு முறை. உணவு தரும் நிலம் எத்துணைப் பேரைத் தாங்குகின்றது என்பதைப் பின்னையதே காட்டும்.

அடர்த்தி மண்வளத்தால் மாத்திரம் அமைவதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பேராறு யாதுமில்லை. சுண்ணாம்புக்கற் பாறையிடைத் தேங்கிய நிலத்தடி நீரைக் கிணற்றால் இறைத்தே மக்கள் பயிர் செய்தனர். வன்னியிலோ ஆறுகளும் குளங்களும் உள. எனினும் குடாநாடு செறிந்தும் வன்னி அருகியும் இருந்தமைக்கு மலேரியாக் காய்ச்சலும் ஒரு பெருங் காரணம் என்பதை மறத்தலாகாது.

3. இயற்கை அதிகரிப்பு

ஓராண்டில் ஆயிரம் பேருக்கு எத்துணைக் குழந்தைகள் பிறந்தன என்பது பிறப்பு வீதம். எத்துணைப் பேர் இறந்தனர் என்பது இறப்பு வீதம். இவ்விரண்டின் வேறுபாடே இயற்கை அதிகரிப்பு. 1946 இல் இலங்கையின் பிறப்பு வீதம் ஏறத்தாழ 38, இறப்பு வீதம் ஏறத்தாழ 20. எனவே அதிகரிப்பு ஆயிரத்துக்கு 18, அஃதாவது நூற்றுக்கு 1.8. எழுபதை இவ்வெண்ணால் வகுத்தால், தொகை இருமடங்காக எத்தனை ஆண்டு செல்லும் என்பது ஏறக்குறையத் தெரியும். இங்கு 39 ஆண்டு. மறு ஆண்டிலேயே இறப்பு வீதம் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. டி.டி.ரி. மருந்து தெளித்து நுளம்பை ஒழித்தமையும், மருத்துவமனைகள் பெருகியமையும், உணவு வசதி சீர்பட்டமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படும். பிறப்பு வீதமோ உடனே குறையவில்லை. ஆதலின் மக்கட்டொகை விரைந்து பெருகிற்று.

பிறப்பும் இறப்பும் மிக்கிருந்த நிலையிலிருந்து, முதலில் இறப்புக் குறைந்து, பின்னர்ப் பிறப்பும் குறைந்து, ஈற்றில் இரண்டும் தாழ்ந்த நிலையை எய்துதலைக் குடித்தொகை நிலைமாற்றம் என்பர். பெண்கல்வியும் பிந்திய திருமணமும் குடும்பத்திட்டமும் நம் நாட்டில் பிறப்பைக் குறைத்தன. அதன் விளைவாக முதியோர் பங்கு உயர்ந்தது. 2012 இல் நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேல் அறுபது வயதைக் கடந்தோராயினர்.

4. குடிப்பெயர்வு

ஒரு நாட்டினுள் வந்து குடியேறுதல் குடிவரவு; நாட்டைவிட்டு நீங்குதல் குடியகல்வு. நாட்டின் எல்லைக்குள்ளேயே இடம் மாறுதல் உள்நாட்டுப் பெயர்வு. 1885 இல் ரேவன்ஸ்ரைன் என்னும் அறிஞர் பிரித்தானியக் கணிப்புக்களை ஆராய்ந்து, பெயர்வோரிற் பெரும்பாலார் குறுந்தூரமே செல்வர் என்றும், ஒவ்வொரு பெயர்வோட்டத்துக்கும் எதிரோட்டம் ஒன்று உண்டு என்றும் கண்டார். 1966 இல் எவரெற் லீ என்பார், பிறந்தவிடத்தில் தள்ளும் காரணிகள், சேருமிடத்தில் இழுக்கும் காரணிகள், இடைப்பட்ட தடைகள், பெயர்வோரின் சொந்த நிலைமைகள் என நால்வகையாக இதனை விளக்கினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தமையில், வறுமையும் பஞ்சமும் தள்ளின, கூலி இழுத்தது, கடலும் காட்டுவழியும் நோயும் தடைகளாயின. அவ்வழியில் மாண்டோர் பலர். யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவின் புகைவண்டிப் பகுதிக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் சென்றமையில், ஆங்கிலக் கல்வி அவர்க்குத் துணையாயிற்று. ஒருவர் முன்சென்று தம்பியையும் மருமகனையும் அழைத்தல் தொடர்ப் பெயர்வு. இளைப்பாறிய பின் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியோர் எதிரோட்டத்துக்குச் சான்றாவர்.

பெயர்வு யாவும் விருப்பின்பாற்பட்டதன்று. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் திரள் திரளாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். இன்னோர் நாட்டெல்லையைக் கடவாதவரை உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் எனப்படுவர். துன்புறுத்தலுக்கு அஞ்சி எல்லையைக் கடந்தோரே 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அகதிகளாவர். இச்சொற்களின் வேறுபாட்டை அறியாது வழங்குதல் தவறு. உதவியும் உரிமையும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளன.

5. யாழ்ப்பாணத்தின் கணக்கு

மேற்கூறிய யாவும் ஒரு சமன்பாட்டில் அடங்கும். முன்னைய தொகையோடு பிறப்பைக் கூட்டி இறப்பைக் கழித்து, வந்தோரைக் கூட்டிச் சென்றோரைக் கழிக்கப் பின்னைய தொகை கிடைக்கும். 1981 இல், கிளிநொச்சியையும் உள்ளடக்கியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகை ஏறத்தாழ 8.3 இலட்சம். 2012 இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு மாவட்டங்களையும் சேர்த்தும் ஏறத்தாழ 7 இலட்சமே. அதே காலத்தில் முழுத்தீவின் தொகை 55 இலட்சம் கூடியது. இங்கு தொகை குறைந்தமை ஏன்? குழந்தைகள் பிறவாமையாலன்று, போரில் மாண்டோரும், ஊரை விட்டுச் சென்றோருமே அக்குறைவுக்குக் காரணர். பெயர்வோருள் இளைஞர் மிகுதியாதலின், எஞ்சிய ஊரில் முதியோரும் பெண்களும் பங்கிற் கூடுவர். வெளிநாட்டுப் பணம் வீட்டைக் கட்டும். ஆனால் வயலில் இறங்கவும், பள்ளியில் அமரவும், முதியோர் கையைப் பற்றவும் ஆட்களே வேண்டும். இதுவே இப்பாடத்தின் உயிர்நாடி என்க.

பயிற்சி

மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டனார் வழித்தோன்றல் யாவரையும் வரிசைப்படுத்தி, பிறந்த ஊர், இப்போது வாழும் ஊர், நீங்கிய ஆண்டு, நீங்கிய காரணம் ஆகிய நான்கையும் அட்டவணையில் எழுதுக. தள்ளியது எது, இழுத்தது எது எனப் பிரித்தறிக. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் தத்தம் குடும்பத்துக்கும் இவ்வாறு ஓர் அட்டவணை எழுதிக் கல்லூரிக்கு அனுப்புவாராயின், குடிசனக் கணிப்பில் காணக்கிடையாத நம்மூர் வரலாறு ஒன்று நூலகத்திற் சேரும். பின்வரும் மாணவர் அதனைக் கற்றுப் பயன்பெறுவர்.