கடற்கரை கருமணல் நம்ம வீட்டுக்குள்ளே



கல்லு எப்படிப் பொருளாகுதுன்னு மதுக்கரைக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆவதை மூன்று தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். இந்த மாதம் நாம் தெரிந்துகொள்ளப் போவது, கடற்கரை மணலில் கிடைக்கும் டைட்டானியம், சிர்க்கோனியம் பற்றி. பெயர்தான் புதுசு. பொருள் தினமும் நம்ம கையில் இருக்கிறது.

எங்கே கிடைக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும், கேரளாவில் கொல்லம் பக்கம் சவறாவிலும் கடற்கரை மணல் கருப்பாக இருக்கும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தபோதுதான் அதன் மதிப்பு வெளியே தெரிந்தது. அந்த மணலில் உள்ள இல்மனைட், ரூட்டைல் ஆகியவற்றிலிருந்து டைட்டானியமும், சிர்க்கான் என்ற மணலிலிருந்து சிர்க்கோனியமும் கிடைக்கின்றன.

வீட்டில் எங்கே இருக்கிறது?

• பெயிண்ட்: கருப்பு இல்மனைட்டைப் பக்குவம் செய்தால் பால் போல வெள்ளைப் பொடி வருகிறது. இதுதான் டைட்டானியம் டை ஆக்சைடு. பழைய சுவரை மறைக்கும் சக்தி இதற்கு அதிகம். முன்பு வெள்ளை பெயிண்டுக்கு ஈயம் போட்டார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இப்போது வீட்டு பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி வந்துள்ளது. டப்பாவில் அதைப் பார்த்து வாங்குங்கள்.

• பற்பசை, முகக் கிரீம்: பல பற்பசைகளின் வெள்ளை நிறம் இதே பொடிதான். கிரீம் பூசியதும் முகம் வெளுப்பாகத் தெரிவதற்கும் பல சமயம் இதுவே காரணம். முகம் கழுவினால் போய்விடும். தோலின் நிறம் மாறாது.

• டைல்ஸ், வாஷ்பேசின்: மேலே உள்ள வெள்ளைப் பூச்சில் சிர்க்கான் மாவு சேர்க்கிறார்கள்.

• ஆஸ்பத்திரியில்: எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடு, திருகு சிலவற்றை டைட்டானியத்தில் செய்கிறார்கள். பல்லுக்குப் போடும் சிர்க்கோனியா உறையும் உண்டு.

"வைரமுங்க, நம்பி வாங்கலாமுங்க"

கடைசியாக ஒன்று, நகை. சிர்க்கோனியாவை உருக்கிச் செய்யும் செயற்கைக் கல்தான் 'அமெரிக்கன் டைமண்ட்'. அந்த விலைக்கு, அந்தப் பெயரில் வாங்கினால் தப்பே இல்லை. வைரம் என்று நம்பி வாங்கினால்தான் நஷ்டம்.

நம்ம குழு ஒன்றில் ஒரு அக்கா, மகள் கல்யாணத்துக்காக, ஊருக்குள் வந்து விற்றவரிடம் 'வைரத்தோடு' வாங்கினார். அதற்கு 15,000 ரூபாய் உள்கடன். பிறகு நகைக்கடையில் காட்டினால் கல் அமெரிக்கன் டைமண்ட். விற்றவரைக் காணோம். "கல்லுதானுங்க போலி, கடன் அசலும் வட்டியுமா அப்படியே நிக்குதுங்க" என்று கூட்டத்தில் அவர் அழுதபோது எங்களுக்கும் பேச்சு வரவில்லை. கடன் கொடுக்கும்போது "பில் இருக்காக்கா?" என்று நாங்களும் கேட்கவில்லை, குழுவும் கேட்கவில்லை. தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டித் தீர்மானம் போட்டோம். மாதாமாதம் கட்டி வருகிறார்.

நினைவில் வைக்க

1. ஊதிப் பார்த்தால் வைரத்தில் ஆவி உடனே மறையும் என்பார்கள். அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். கருவியில் சோதித்து, ஆய்வகச் சான்றிதழோடு வாங்குங்கள்.
2. ஒரே அளவுக் கல்லாக இருந்தால் அமெரிக்கன் டைமண்ட் வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் எடை இருக்கும். கல் பதித்த பிறகு இது தெரியாது.
3. ஹால்மார்க் தங்கம், வெள்ளிக்கு மட்டுமே. கல்லுக்கு அது சாட்சி இல்லை.
4. பில்லில் கல்லின் பெயர், எடை, விலை தனியாக எழுதியிருக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நகை வாங்கக் கடன் கேட்டால் குழு என்னென்ன கேள்வி கேட்க வேண்டும்?
• வீடு தேடி வரும் வியாபாரியிடம் ஏமாந்தவர் நம்மில் உண்டா? வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் பத்துப் பேர் தப்பிப்பார்கள்.

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நாங்களும் பார்க்கிறோம்.