பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வு

பிள்ளை பிறந்து இரண்டு வாரங்கள் கடந்த பின்னும் தாய் ஓயாது அழுவாளாயின், பிள்ளையைத் தூக்கவும் மனமற்றிருப்பாளாயின், அது சோம்பலன்று, கண்ணூறுமன்று, நோயாக இருக்கலாம். பேச்சு முறைச் சிகிச்சை இதற்குப் பயன்தரும் என்பதைப் பாகிஸ்தானில், ராவல்பிண்டிக் கிராமங்களில், வைத்தியர் அதிஃப் ரஹ்மான் குழுவினர் காட்டினர். 2008இல் வெளியான அவ்வாய்வில், கர்ப்பகாலத்திலேயே சோர்வுற்றிருந்த 903 பெண்கள் இரு பிரிவாயினர். இரு பிரிவினரையும் சுகாதார ஊழியப் பெண்கள் வீடுகளிற் சந்தித்தனர். ஒரு பிரிவுக்குச் சென்றோர் மட்டும், “என்னால் ஒன்றும் ஆகாது” என்பது போன்ற எண்ணங்களைத் தாயுடன் அமர்ந்து ஆராய்ந்து மாற்றப் பயிற்சி பெற்றிருந்தனர். இவர்கள் மனநோய் வைத்தியர்களல்லர் என்பதே கவனிக்கத்தக்கது. வீட்டாரையும் சேர்த்துக்கொண்டனர், மாமியார் துணையின்றி இது நடவாது! ஆறு மாதங்களின் பின் இப்பிரிவில் நூற்றுக்கு 23 பேரே சோர்வுற்றிருந்தனர். மற்றப் பிரிவில் 53 பேர். ஆயினும், சாகும் எண்ணம் தாயின் பேச்சில் வந்தால், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.