திறனறித் தேர்வும் சமவாய்ப்பும்

நுழையும்முன்

பள்ளிப் பருவத்தில் எழுதும் தேர்வுகளுள் சில, கற்றதை அளக்கின்றன; சில, கற்கும் ஆற்றலை அளப்பதாகச் சொல்லிக்கொள்கின்றன. இரண்டாம் வகைத் தேர்வில் வென்றவர்க்கு உதவித்தொகையும் சில இடங்களில் சிறப்புப் பள்ளியில் சேரும் வாய்ப்பும் கிடைக்கின்றன. அத்தேர்வுக்குச் சிலர் மட்டும் பயிற்சி பெற்று வந்தால் அது எதனை அளக்கும்?

ஒரு வினா, ஒரு நிமிடம்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில், வடமதுரையைக் கடந்ததும் வருவது அய்யலூர். பேரூராட்சி, ஆட்டுச் சந்தையாலும் தக்காளி வணிகத்தாலும் பெயர்பெற்றது. இவ்வூர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வை எழுத அமர்கிறாள் எனக் கொள்வோம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும், குறைந்த வருவாயுடைய குடும்பத்துப் பிள்ளைகளுக்கான தேர்வு அது. வென்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பள்ளியை விட்டு நின்றுவிடக்கூடிய ஒரு பிள்ளையை நான்காண்டுகள் நிறுத்திவைக்கப் போதுமான தொகை. நாடு முழுமைக்கும் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேருக்கு வழங்கப்படும் இவ்வுதவியில் தமிழ்நாட்டின் பங்கு 6,695.

மனத்திறன் பகுதியில் 90 வினாக்கள், 90 நிமிடங்கள். அவள் முன் இருக்கும் வினா இத்தகையது: 3, 6, 11, 18, 27, அடுத்து வரும் எண் யாது?

அவள் இத்தகைய வினாவை இதற்குமுன் கண்டதில்லை. மூன்றின் மடங்கோ என்று பார்க்கிறாள், பதினொன்று இடிக்கிறது. ஒற்றை, இரட்டை என்று பிரித்துப் பார்க்கிறாள். பிறகு, அடுத்தடுத்த எண்களின் வேறுபாட்டைக் காணலாம் என்று அவளுக்கே தோன்றுகிறது. 3, 5, 7, 9 எனக் கிடைக்கிறது. அடுத்த வேறுபாடு 11, விடை 38. எவர் உதவியுமின்றி ஒரு முறையையே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால், நான்கு நிமிடங்கள் போய்விட்டன. பக்கத்து வரிசையில் இருக்கும் மாணவன், “எண்வரிசை என்றால் முதலில் வேறுபாட்டை எழுது” என்று ஆறு மாதமாகப் பழகியவன். அவனுக்கு இருபது நொடி போதுமானதாக இருந்தது. அவன் எதையும் கண்டுபிடிக்கவில்லை, நினைவுகூர்ந்தான். விடைத்தாளில் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான். அவள் இழந்த மூன்று நிமிடங்களும் மூன்று வினாக்களும் அதில் பதிவாவதில்லை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. மனத்திறன் வினாக்கள் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. பாடநூலைச் சார்ந்திராததால் அவை எல்லார்க்கும் பொதுவானவை என்பதே அவற்றை ஆதரிப்போர் கூறும் காரணம். எண்வரிசை, ஆடி பிம்பம், குறியீட்டு மொழி என வகைகளோ சிலவே. வகை குறைவாக இருக்கும் எதுவும் பழக்கத்துக்கு எளிதில் வசப்படும். பள்ளியில் கற்பிக்கப்படாத ஒன்றைப் பள்ளிக்கு வெளியேதான் கற்றாக வேண்டும். வெளியே கற்கப் பணமும் பேருந்து வசதியும் ஓய்ந்த மாலைப் பொழுதும் வேண்டும். தக்காளி பறிக்கும் பருவத்தில் தாய்க்குத் துணை நிற்கும் பிள்ளைக்கு இம்மூன்றும் கிடைப்பதரிது.

கருவியின் கதை

இத்தகைய சோதனைகளின் முன்னோடி, பிரான்சு நாட்டு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே 1905-இல் தியோடர் சைமனுடன் இணைந்து உருவாக்கிய அளவுகோல். படிப்பில் பின்தங்கி, கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். உதவி தேவைப்படுவோரைத் தேடிய கருவி, நாளடைவில் வாயிற்காவலனாயிற்று. இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பதினொரு வயதில் எழுதிய ஒரு தேர்வு பிள்ளைகளை இருவேறு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பியது. பயிற்சியால் வெல்ல இயலாத வினாத்தாள் என்று அங்கே அவ்வப்போது அறிவிக்கப்படுவதுண்டு. அதற்கும் பயிற்சி நூல் கடைக்கு வந்துவிடும்.

நம் அண்டை நாடான இலங்கையில் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை, வசதியற்ற பிள்ளைகளுக்கு உதவித்தொகை தரவும் புகழ்பெற்ற பள்ளிகளில் இடம் தரவும் நடைபெறுகிறது. பத்து வயதுப் பிள்ளைகள் அதற்காக மாலைதோறும் தனியார் வகுப்புகளுக்குச் செல்கின்றனர். பரீட்சைக்கு முந்தைய சில நாள்களில் அவ்வகுப்புகளை நடத்தத் தடை விதிக்கிறது அந்நாட்டுப் பரீட்சைகள் திணைக்களம். முன்பே மாதக்கணக்கில் பயின்ற பிள்ளைகள் அந்தச் சில நாள் ஓய்வெடுக்கின்றனர் என்பதைத் தவிர, இத்தடையால் பெரிய மாற்றம் நேர்வதாகத் தோன்றவில்லை.

தமிழ்நாடு கண்ட வழிகள்

தொழிற்கல்விப் படிப்புகளுக்கென 1984 முதல் இங்கே நுழைவுத்தேர்வு நடைபெற்றது. நகரத்துப் பயிற்சி மையங்களை அணுக இயலாத சிற்றூர் மாணவர்கள் பின்தங்குகின்றனர் என்பதைச் சுட்டி, 2007-இல் அது சட்டத்தின்வழி நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. அதனுடன் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. தனியார் உறைவிடப் பள்ளிகள் சில, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகள் நடத்தின. 2018-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தேர்வை மாற்றினால் பயிற்சி இடம் மாறுகிறது; மறைவதில்லை.

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு 2017 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அறிக்கை அளித்தது. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தோருள், மீண்டும் மீண்டும் தேர்வெழுதியவர்களின் பங்கு 2016-17-இல் ஏறத்தாழ 12 விழுக்காடு. 2020-21-இல் ஏறத்தாழ 71 விழுக்காடு என்பது அவ்வறிக்கை தரும் செய்தி. ஓராண்டு முழுவதும் வருவாயின்றிப் படிக்கப் பிள்ளையை விட்டுவைக்கக்கூடிய குடும்பம் எது என்ற கேள்விக்கு அவ்வெண்களே விடை.

அதே 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க அரசுப் பள்ளி மாணவர்களே இடம்பெற்ற நிலையில், அவ்வாண்டு நானூறு இடங்கள் அளவில் அவர்களுக்கெனக் கிடைத்தன. தேர்வு மாறவில்லை, யாரை யாரோடு ஒப்பிடுவது என்பது மாறியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கான ஊரகத் திறனாய்வுத் தேர்விலும் இதே எண்ணம் பழங்காலந்தொட்டு உண்டு. மாவட்டத்துக்கு ஐம்பது மாணவியர், ஐம்பது மாணவர் என அது தேர்ந்தெடுக்கிறது. நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகள் அதில் இல்லை. எனவே அய்யலூர் மாணவி திண்டுக்கல் மாநகரத்து மாணவனுடன் போட்டியிட வேண்டியதில்லை.

இன்னொரு வழி உங்களுக்கு நன்கு தெரிந்தது. 2022 முதல் பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு நடத்தப்படும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வை உங்களுள் பலர் எழுதியிருப்பீர்கள். தேர்ந்தெடுக்கப்படும் 1,500 பேர் இரண்டாண்டுகளுக்கு மாதம் 1,500 ரூபாய் பெறுகின்றனர். அவர்களுள் பாதிப்பேர் அரசுப் பள்ளி மாணவர். வினாக்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை அடிப்படையாகக் கொண்டவை. இத்தேர்வுக்கும் பயிற்சி உண்டு. ஆனால், பயிற்சிக்குரிய நூல் மாநிலப் பாடத்திட்டத்தில் பயின்ற ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது.

தெரியுமா?

நியூயார்க் நகரில் நான்கு வயதுக் குழந்தைகளைத் தனித்திறன் வகுப்புகளுக்குத் தேர்ந்தெடுக்க நடத்தப்பட்ட தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. இப்போது ஆசிரியரால் பரிந்துரைக்கப்பட்ட குழந்தைகளுக்குள் குலுக்கல் நடைபெறுகிறது. தகுதியை முதலில் வரையறுத்து, தகுதியுடையோருக்குள் குலுக்கிப்போடும் முறை தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) விளக்கும் குடவோலை முறை அதுவே. எனினும் நிலம் உடையவரே அங்குத் தகுதியுடையவர் எனக் கருதப்பட்டனர் என்பதையும் மறத்தலாகாது.

பயிற்சி தவறா?

பயிற்சி பெறுவது குற்றமன்று. தம் பிள்ளைக்காகச் செலவிடும் பெற்றோரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. உழைத்துப் படித்த மாணவனின் மதிப்பெண்ணும் போலியானதன்று. வகுப்பு முடிந்தபின், தம் மாணவரை இருத்தி மனத்திறன் வினாக்களைச் சொல்லித்தரும் அரசுப் பள்ளி ஆசிரியர் பலர் உள்ளனர். அவர்கள் தருவதும் பயிற்சிதான். ஆயினும் அத்தகைய ஆசிரியர் அமைவதும் ஊருக்கு ஊர் வேறுபடும் நற்பேறாகவே இன்று இருக்கிறது. அது கால அட்டவணையில் ஒரு பாடவேளையாக வேண்டும் என்பதே இப்பாடத்தின் கருத்து.

தவறு வேறிடத்தில் உள்ளது. பழக்கத்தை அளந்துவிட்டு அதற்குத் ‘திறன்’ என்று பெயரிடுவதில்தான் அது இருக்கிறது. உதவித்தொகை கிட்டாத மாணவி பணத்தை மட்டும் இழப்பதில்லை. தனக்குத் திறன் இல்லை என்று அரசே சொல்லிவிட்டதாக எண்ணிக்கொள்கிறாள். பத்தாம் வகுப்புக்குப்பின் எந்தப் பாடப்பிரிவைக் கேட்பது என்ற முடிவு வரை அவ்வெண்ணம் அவளுடன் வருகிறது. அவள் நான்கு நிமிடத்தில் தானாகவே ஒரு முறையைக் கண்டறிந்தவள் என்பதை அவளிடம் சொல்ல, தேர்வு முடிவுப் பட்டியலில் இடமில்லை. அவளது வகுப்பாசிரியரால் சொல்ல இயலும்.

கற்பவை கற்றபின்…

1. பாடத்தில் உள்ளதைப் போன்று ஐந்து எண்வரிசைகளை உருவாக்குக. உங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர் ஐவரிடம் கொடுத்து, விடை காண எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறிக்க. ஒரு வாரம் பயிற்சியளித்தபின் புதிய வரிசைகளைக் கொடுத்து, இரு நேரங்களையும் ஒப்பிடுக.

2. ‘சம மதிப்பெண் பெற்றோருக்குள் குலுக்கல் முறையில் இடம் வழங்கலாம்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.