கல்லில் பதிந்த இலையும் கண்ணாடி வில்லையும்

திருப்பெரும்புதூர் என்றதும் ஆலயமும் ஆலைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010இல் ஒரகடத்திலும் பெரும் கார்த் தொழிற்சாலைகள் இயங்கத் தொடங்கின. நிலவியல் அறிஞர்களோ இவ்வூரின் பெயரை ஒரு பாறை அடுக்குக்கே சூட்டியுள்ளனர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்களிப்பாறைகளில் தொல்தாவரங்களின் இலைகள் பதிந்து கிடக்கின்றன. அவற்றை ஆட்டோகர் ஃபீஸ்ட்மாண்டல் என்னும் அறிஞர் 1879இல் விவரித்து வெளியிட்டார். இறகு போன்ற கீற்றுடைய டைலோஃபில்லம் அவற்றுள் ஒன்றாகும்.

கிணற்றுக்கோ கட்டடத்துக்கோ மண்ணைத் தோண்டும்போது வெளிப்படும் இத்தகைய பதிவு, சில நாள்களில் கான்கிரீட்டின் அடியில் மறைந்துவிடக்கூடும். அதற்குள் நம்மால் இயன்றது, அளந்தறியத்தக்க ஒரு படம் எடுத்து வைத்தலே. எண்முறைக் கேமரா பரவிவிட்ட இந்நாளிலும் படச்சுருளை விரும்புவோர் உள்ளனர். அவர்களுக்கு உரிய வில்லையும் துணைக்கருவிகளும் யாவை எனக் காண்போம்.

வில்லை

35 மி.மீ. படச்சுருளின் ஒரு சட்டம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. ஏழு சென்டிமீட்டர் இலை அதனை நிறைக்க, உருவம் பாதி அளவில் விழ வேண்டும். சாதாரண 50 மி.மீ. வில்லை தனியே இதனைச் செய்யாது. இதற்கு மூன்று வழிகள் உள.

முதலாவது, வில்லையின் முன் திருகும் க்ளோசப் வில்லை. விலை குறைவு, ஒளியிழப்பும் இல்லை. ஆயினும் படத்தின் ஓரங்கள் மங்கும். இரண்டாவது, கேமராவுக்கும் வில்லைக்கும் இடையே பொருத்தும் நீட்டிப்புக் குழாய். குழாயின் நீளத்தைக் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும்: 50 மி.மீ. வில்லைக்கு 25 மி.மீ. குழாய் பாதி அளவையும், 50 மி.மீ. குழாய் முழு அளவையும் தரும். மூன்றாவது மேக்ரோ வில்லை. இதுவே சிறந்தது; விலையும் மிகுதி. தொடக்க நிலை மாணவர்க்குக் குழாயே போதும் என்பது நம் கருத்து.

ஒளியும் துளையும்

குழாய் நீள ஒளி குறையும். முழு அளவுப் படத்துக்கு நான்கு மடங்கு ஒளி தேவை. கேமராவினுள் உள்ள ஒளிமானி இதனைத் தானே கணக்கிடும். கையில் பிடிக்கும் ஒளிமானி கணக்கிடாது. முழு அளவில் எஃப் 8 துளைக்குத் தெளிவின் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. ஆதலின் கேமராவின் பின்புறம் கல்லின் பரப்புக்கு இணையாக நிற்றல் வேண்டும். துளையை அளவுக்கு மீறிச் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து கூர்மை கெடும். எஃப் 8 அல்லது எஃப் 11 பொருந்தும்.

துணைக்கருவிகள்

உறுதியான முக்காலியும், அசைவின்றிப் பொத்தானை அழுத்த உதவும் கேபிள் ரிலீசும் இன்றியமையாதவை. நேர்முகப் பிளாஷ் பள்ளமேடுகளை அழித்துவிடும். இடப்புற மேல்மூலையிலிருந்து சாய்வாக விழும் ஒளியே நரம்புகளைக் காட்டும்; எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டை நிழலை மென்மையாக்கும்.

இவை யாவற்றினும் முதன்மையானது, விலை மிகக் குறைந்த ஓர் அளவுகோல். பதிவின் அருகே, அதன் மட்டத்திலேயே, அளவுகோலை வைத்து எடுக்காத படம் அழகுப் படமாகலாம், சான்றாகாது. இடம், ஆழம், நாள் ஆகியவற்றையும் அன்றே குறித்து, கல்லைப் பெயர்க்காமல், அருகிலுள்ள நிலவியல் துறைக்குத் தெரிவித்தல் நம் கடமையாகும். தொழில் வளர்வது நன்று. அதன் அடியில் புதையும் ஏட்டை ஒருமுறையேனும் படித்து வைப்பதும் நன்று.