மூச்சை இழுக்காதீர்கள், விடுங்கள்

பதற்றம் வந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும். அதனால்தான் மூச்சு முட்டுகிறது. ஆகவே வாயைத் திறந்து ஆழமாக, இன்னும் ஆழமாக மூச்சை இழு! கல்யாண மண்டபத்தில் தலைசுற்றி உட்கார்ந்த பெண்ணைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். தேர்வு அறை வாசலில் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பின்னணியில் புல்லாங்குழல் இழைய வாட்ஸ்அப் வீடியோக்களும் சொல்கின்றன. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் பிசியோதெரபிஸ்ட் நான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்வது மூன்று விஷயம், மூன்றும் தப்பு.

முதலில் ஆக்சிஜன். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பீரோவில் கிடக்கிறதல்லவா, படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது அதை விரலில் மாட்டிப் பாருங்கள். 98 காட்டும், 99 காட்டும். நுரையீரல் நன்றாக இருப்பவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. தளும்பி நிற்கும் குடத்தில் இன்னும் எதை ஊற்றப்போகிறீர்கள்?

குறைவது கரியமில வாயு. அது வெறும் கழிவு என்று ஏழாம் வகுப்பில் படித்ததோடு நாம் நிறுத்திக்கொண்டோம். அடுத்த மூச்சை எப்போது எடுப்பது என்று மூளை முடிவு செய்வதே பெரும்பாலும் அந்த வாயுவின் அளவைப் பார்த்துத்தான். ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை, தடவைக்குச் சுமார் அரை லிட்டர் காற்றை உள்ளே எடுக்கிறார். பதற்றத்தில் இது தானாகவே கூடிவிடும். கூடியதன் மேல் ‘இழு, இழு’ என்று நாமும் ஏற்றிவிடுகிறோம். அந்த ஆள் ஓடவில்லை, மூட்டை தூக்கவில்லை. உடம்பில் உண்டாகும் கரியமில வாயு அதே அளவுதான். வெளியே போவது மட்டும் எகிறுகிறது.

பிறகு நடப்பதை வரிசையாகப் பாருங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். ரத்தத்தில் காரத்தன்மை ஏறும். உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், விரல் நுனியில் ஊசி குத்தும், முற்றினால் கைவிரல்கள் கோணி இழுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, கரியமில வாயு குறைந்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டு திசுக்களுக்கு விடத் தயங்கும். இது 1904-ல் கிறிஸ்டியன் போர் சொன்னது. அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் அப்பா. பிள்ளையின் புகழில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஆக, மூச்சை இழுக்க இழுக்க மூளைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. விரல் கோணியதைப் பார்த்து ‘ஐயோ, பக்கவாதம்’ என்று வீடே அலறும். அந்த அலறலில் படபடப்பு ஏறும், மூச்சு இன்னும் வேகமெடுக்கும். காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்த அதே மாமாதான் பக்கத்தில் நின்று இன்னும் இழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

டல்லாஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் இதையே தலைகீழாகத் திருப்பினார்கள். திடீர்ப் பீதி நோய் உள்ளவர்களின் வெளிமூச்சில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று கருவியில் காட்டி, மெதுவாக, மேலோட்டமாக மூச்சுவிட்டு அந்த அளவை உயர்த்தப் பழக்கினார்கள். பீதி குறைந்தது.

செய்யவேண்டியது இதுதான்: வாயை மூடுங்கள். மூக்கால், வழக்கமான அளவுக்கு, 4 எண்ணும் வரை உள்ளே. 6 எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு. வெளியே விடும்போதுதான் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பை இறக்குகிறது. அதனால் நீள வேண்டியது வெளிமூச்சு. 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும் சரி, யோக மந்திரம் சொன்னாலும் சரி, மூச்சு தானாகவே நிமிடத்துக்கு 6 என்ற கணக்கில் வந்து நின்றது. திருமூலர் கணக்கிலும் உள்ளே 16 மாத்திரை என்றால் வெளியே 32. இடையில் 64 மாத்திரை அடக்குவதும் அந்தக் கணக்கில் உண்டு. குரு இல்லாமல் அதைத் தொடாதீர்கள். கபாலபாதி செய்பவர்கள் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் நெஞ்சு படபடக்கும் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

சினிமாவில் வரும் காகிதப் பையும் வேண்டாம். மாரடைப்பைப் பதற்றம் என்று நினைத்துப் பையைக் கொடுத்து உயிர் போன கதைகள் 1989-லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டன. முதல்முறையாக நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலும், ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலும், எண்ணிக்கொண்டு உட்காராமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்துமா, ரத்தசோகை, தைராய்டு எல்லாம் பதற்றம் போலவே வேஷம் போடும்.

பதற்றத்துக்குச் சொல்லப்படும் மற்ற யோசனைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ‘ரெண்டு ரவுண்டு போட்டா டென்ஷன் போயிடும்’: இரவில் போகும், காலையில் கூடுதலாகத் திரும்பி வரும். ‘சூடா ஒரு காபி’: பீதி நோய் உள்ளவர்களுக்குக் காபியே பீதியைக் கிளப்பிவிடலாம். ‘அமுக்கரா இயற்கைதானே, பக்கவிளைவே கிடையாது’: கல்லீரல் பாதித்தவர்கள் பற்றிய பதிவுகள் இந்தியாவிலேயே உண்டு, டென்மார்க் 2023-ல் அதைத் தடையே செய்துவிட்டது. சூரணமும் மருந்துதான், டாக்டரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள். ‘மூச்சுப் பயிற்சி ஆரம்பிச்சுட்டேன், மாத்திரையை நிறுத்திட்டேன்’ என்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபமே வருகிறது. அல்பிரசோலம் போன்றதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். எழுதிக்கொடுத்தவரிடமே கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ், தமிழிலும் பேசுவார்கள்.

மாத்திரையில்லாத வைத்தியம் என்று நான் அடித்துச் சொல்வது ஒன்றுண்டு: ஓடுவது. ஓடும்போது இதயம் அடித்துக்கொள்ளும், வியர்க்கும், மூச்சு வாங்கும். பதற்றத்தில் வருவதும் இதே மூன்றுதான். இந்த அறிகுறிகளோடு பழகிய உடம்பு அவற்றைக் கண்டு மிரளாது. பீதி நோய்க்கான சிகிச்சையிலேயே வேண்டுமென்று படியேற வைத்து இதயத்தைத் துடிக்கவிடுவது உண்டு. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமோ பத்தாம் வகுப்பு வந்ததும் பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்துவிடுகிறோம். அந்தப் பீரியடைக் கடன் கேட்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலின் அமைச்சராக இருந்தபோது மேடையிலேயே சொன்னார். கடன் இன்னும் நிற்கவில்லை. ஓடி மூச்சு வாங்கிய அனுபவமே இல்லாத பிள்ளை, பொதுத்தேர்வு அன்று நெஞ்சு அடித்துக்கொண்டால் செத்துப்போய்விடுவோம் என்றுதான் நினைக்கும். அந்தப் பிள்ளையிடம் போய் ‘ஆழமா மூச்சை இழு’ என்கிறோம்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மார்க் ஷீட்டைப் பார்த்து முடித்ததும் கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். வாரத்தில் பி.இ.டி. எத்தனை பீரியட், அதில் பிள்ளை மைதானத்தில் நின்றது எத்தனை என்று கேளுங்கள். வாத்தியார் முறைப்பார். விடாமல் கேளுங்கள்.