ஊர் கூடித் தேர் இழுப்போம்: தொழிற்சாலைக்குள் கூட்டு வலைத்தளம்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



தகடூர் என்று பெயர் பெற்றிருந்த நம் தர்மபுரி, அதியமான் ஆண்ட மண். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதையைச் சின்ன வகுப்பிலேயே படித்திருக்கிறோம். கனியைக் கொடுத்தால் கையில் இருப்பது போய்விடும்; அறிவைக் கொடுத்தால் போகாது. ஆனாலும் தொழிற்சாலைகளில் கொடுக்கப்படாமலே வீணாகும் பொருள் அறிவுதான். அதைச் சேர்த்து வைக்க வந்திருக்கும் இணையக் கருவிகள் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சட்டைப் பை டைரி

பயிற்சிக்காக ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அங்கே சி.என்.சி. லேத்தில் ஒரு சீனியர் செட்டர் இருந்தார். காலையில் மிஷின் சூடாகும் வரை அளவு எத்தனை மைக்ரான் ஓடும், எந்த ஜாப்புக்கு எந்த ஆஃப்செட்டைத் தொட வேண்டும் என்பதெல்லாம் அவர் சட்டைப் பையில் இருந்த சின்ன டைரியில் இருந்தது. "இதெல்லாம் புத்தகத்துல இருக்காது தம்பி" என்றார். உண்மைதான். அவர் ரிட்டயர் ஆகும் நாளில் டைரியும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். மிஷினைப் பற்றிக் கேட்க எனக்கு மாமாவோ சித்தப்பாவோ இல்லை. நம்மில் பலருக்கும் இதே நிலைதான். ஆகவே அந்த டைரி எல்லோரும் படிக்கும் இடத்தில் இருப்பது நமக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

வாய்க்காலும் ஏரியும்

1995ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த வார்டு கன்னிங்காம் என்ற கணினி நிரலாளர் முதல் 'விக்கி' தளத்தை வெளியிட்டார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. படிப்பவரே பக்கத்தைத் திருத்தலாம் என்பது அதன் புதுமை. 2001இல் விக்கிப்பீடியா வந்தது; 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் பிறந்தது. இந்த முறைகளை நிறுவனத்துக்குள் கொண்டுவருவதற்கு 2006இல் ஆண்ட்ரூ மெக்காஃபி என்ற பேராசிரியர் 'என்டர்பிரைஸ் 2.0' என்று பெயர் வைத்தார்.

அவர் சொன்ன முக்கியமான வேறுபாட்டை நம் ஊர்ப் பாணியில் சொல்கிறேன். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வாய்க்கால் மாதிரி. தண்ணீர் வரும், போய்விடும். செவ்வாய்க்கிழமை குரூப்பில் போட்ட நல்ல குறிப்பு, வெள்ளிக்கிழமைக்குள் 'குட் மார்னிங்' படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். அடுத்த மாதம் புதிதாகச் சேருபவருக்கு அது தெரியவே தெரியாது. விக்கி என்பது ஏரி. வந்தது தேங்கி நிற்கும். தேவைப்படும்போது யாரும் தேடி எடுக்கலாம். நம் வறண்ட மாவட்டத்துக்கு ஏரியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

ஜெராக்ஸ் மெக்கானிக்குகள் தந்த பாடம்

நகல் எடுப்பதையே நாம் 'ஜெராக்ஸ்' என்கிறோம் அல்லவா, அந்த ஜெராக்ஸ் கம்பெனியில் நடந்தது இது. அதன் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஜூலியன் ஓர், மிஷின் ரிப்பேர் செய்யும் மெக்கானிக்குகளோடு கூடவே சுற்றினார். கம்பெனி கொடுத்த கையேட்டை மட்டும் நம்பி அவர்கள் வேலை செய்யவில்லை. சாப்பிடும்போதும் காபி குடிக்கும்போதும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட அனுபவக் கதைகளே பெரிதும் உதவின என்று கண்டார். அவரது நூல் 1996இல் வெளிவந்தது.

இந்தக் கதைகளைச் சேர்த்து வைக்க 1990களில் 'யுரேகா' என்ற முறையைக் கம்பெனி உருவாக்கியது. முதலில் பிரான்சில் தொடங்கியது. மெக்கானிக் குறிப்பு எழுதுவார்; அனுபவமுள்ள இன்னொரு மெக்கானிக் சரிபார்ப்பார்; பிறகு எல்லோருக்கும் போகும். கீழே எழுதியவர் பெயர் இருக்கும். அந்தப் பெயர்தான் உயிர்நாடி!

நம் பக்கத்தில்

ஓசூர் 2004 வரை நம் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்குள்ள டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அந்தப் பரிசுக்கு அடிப்படையான முழுத்தர மேலாண்மையில் தொழிலாளர் பங்கேற்பு ஒரு தூண். தரவட்டம் அந்த வழியில் வந்ததே. ஆகவே கூடி யோசிப்பது நமக்குப் புதிதல்ல. யோசித்ததைத் தேடி எடுக்கும்படி வைப்பதுதான் புதிது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனமே 'கனெக்ட்', 'கிளிக்' என்ற பெயர்களில் இத்தகைய கருவிகளைச் செய்து உலகெங்கும் விற்கிறது.

எப்படித் தொடங்குவது?

1. ஒரே பிரிவில், ஒரே பிரச்சினையில் தொடங்க வேண்டும். கம்பெனி முழுவதும் ஒரே நாளில் திறந்தால் காலிப் பக்கங்கள்தான் மிஞ்சும்.

2. தனி வேலையாக வைக்கக் கூடாது. ஷிப்ட் மாறும்போது எப்படியும் எழுதும் குறிப்பையே அதில் எழுதச் செய்ய வேண்டும்.

3. தமிழில் எழுத வசதி வேண்டும். ஆங்கிலம் மட்டும் என்றால் அனுபவசாலிகள் ஒதுங்கிவிடுவார்கள். போட்டோ போட்டால் பாதி எழுத்து மிச்சம்.

4. சரிபார்க்க ஒருவர் கட்டாயம் வேண்டும். தவறான வேக அளவு ஒன்று டூலையும் உடைக்கும், விரலையும் எடுக்கும்.

5. வாடிக்கையாளரின் வரைபடங்கள் வெளியே போகக் கூடாது. அதனால் தளம் கம்பெனியின் சொந்தக் கணினியில் இருப்பது நல்லது.

6. நடந்த தவறை எழுதியவருக்கு மெமோ கொடுக்கக் கூடாது. ஒரு மெமோ போதும், மறுநாளே எல்லோர் கையும் நின்றுவிடும்.

எழுதுபவருக்கு என்ன லாபம்?

"எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதிட்டா அப்புறம் என்னை எதுக்கு வெச்சுக்குவாங்க?" என்று ஒரு தொழிலாளி கேட்டால் அதைச் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. காண்டிராக்டில் இருப்பவருக்கு அவருடைய அனுபவம் ஒன்றுதான் சொத்து. எழுதியவர் பெயர் பக்கத்தில் நிற்க வேண்டும்; பதவி உயர்விலும் நிரந்தரம் செய்வதிலும் அது கணக்கில் வர வேண்டும். இதைச் செய்யாத நிர்வாகம் எத்தனை லட்சத்துக்கு மென்பொருள் வாங்கினாலும் தேர் நகராது. வடம் பிடிக்க ஆள் வேண்டுமே!

நம்மால் முடியாதா?

விக்கிப்பீடியா இயங்கும் 'மீடியாவிக்கி' மென்பொருள் இலவசம். நம் கணினி லேபில் ஒரே ஒரு கணினியில் நிறுவினால் கல்லூரி முழுவதும் பார்க்கலாம். ஒர்க்ஷாப்பில் உள்ள ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு பக்கம்: அதன் குணம் என்ன, எந்த கியர் சத்தம் போடும், போன முறை எப்படிச் சரிசெய்தார்கள் என்று. இன்ஸ்ட்ரக்டர் ஐயா சரிபார்க்கட்டும். எழுதிய மாணவன் பெயர் கீழே இருக்கட்டும். வரும் ஆண்டு இதற்கு ஒரு கணினியை ஒதுக்கித் தருமாறு நம் மாணவர் பேரவை முதல்வர் ஐயாவிடம் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். முதல் பக்கத்தை எழுத நான் தயார். இரண்டாவது பக்கத்துக்கு யார் வருகிறீர்கள்?