கூலியில்லாத வலைக்குத் தலைவர் யார்?

நாங்கள் ஏழு நண்பர்கள் ஊதியமின்றித் திறந்த மூல மென்பொருள் ஒன்றை ஆக்கி வருகிறோம். தொடங்கியவன் நான் என்பதால் என் சொல்லே முடிவு. இப்போது மனத்தாங்கல் எழுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், ஓலைத்தொடுவாய்

அன்பரே, உமது கரையில் மீன்பிடிச் சம்மாட்டியின் சொல் செல்லுபடியாவது, வலையும் வள்ளமும் அவருடையவையாக இருப்பதனாலும் பங்கு பிரிப்பவர் அவரே என்பதனாலுமாம். கூலியில்லாத உமது வலையிலோ, மனங்கசந்தவர் மூலநிரலைப் பிரதி எடுத்துக்கொண்டு வேறு துறைக்குப் போக உரிமமே அனுமதிக்கிறது. ஆகவே அதிகாரத்தை, கேட்கப்படுமுன் பகிர்ந்துகொள்வதே விவேகம்.

பிறர் செய்ததைப் பாரும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்து, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய நம் இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய 'சஹானா' என்னும் திறந்த மூல மென்பொருள், 2009இல் தனக்கென இலாபநோக்கற்ற ஸ்தாபனம் ஒன்றை அமைத்துக்கொண்டு, 2010இல் ஹெயிட்டி பூகம்ப நிவாரணத்துக்கும் உதவியது. பைத்தான் நிரல்மொழியைப் படைத்த கைடோ வான் ரொஸ்ஸமோ, சர்ச்சைகளால் சலித்து 2018இல் தலைமையைத் துறக்க, மறுவருஷம் தேர்தல் மூலம் ஐவர் சபையொன்று அவரிடத்தை ஏற்றது.

எழுவருக்கு ஐவர் சபை மிகை, மூவர் போதும். வருஷந்தோறும் தேர்தல் என்றும், கருத்து வேற்றுமையில் இருவர் வாக்கே முடிவு என்றும் அரைப்பக்கத்தில் எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். அதற்கு முன்பாக, மூலநிரற் களஞ்சியத்தின் நிர்வாக உரிமையை இன்றிரவே இன்னொருவருக்கும் கொடும். நீர் காய்ச்சலில் படுத்தாலும் வேலை நிற்காது.